ஏழை மாணவர் கல்வியில் நம் பங்கு

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பை நீங்கள் அழைப்பிதழிலே பார்த்திருப்பீர்கள். கல்வியின் பெருமையை எடுத்துச் சொல்லி உங்கள் நேரத்தைப் போக்க நான் வரவில்லை. பிள்ளையைப் படிக்க வையுங்கள் என்று மீனவர் குப்பத்தில் மேடை போட்டுப் பேச வேண்டியிருந்த காலம் போய்விட்டது. ஏரியைப் படகில் கடந்து பள்ளிக்கு வந்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லப் போகிறேன்? காமராசர் காலத்தில் 1956இல் மதிய உணவு வந்தது, எம்.ஜி.ஆர். காலத்தில் 1982இல் அது சத்துணவாக விரிந்தது. 2022இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. பசியினால் பள்ளியை விட்ட பிள்ளைகளின் கதை பெரும்பாலும் பழங்கதையாகிவிட்டது. இன்று நம் பிள்ளைகள் இடறி விழுகிற இடம் வேறு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுக்கும் கல்லூரியின் முதலாண்டு முடிவுக்கும் இடைப்பட்ட அந்த ஓராண்டுதான் அது. அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நம் ஏரிக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து, முகத்துவாரம் திறந்து, ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும்போது இறால் உண்டு. இறால் உண்டென்றால் வீட்டில் காசும் உண்டு. சித்திரை, வைகாசியில் முகத்துவாரத்தை மணல் மூடும், நீர் வற்றும், உப்பு ஏறும், வலை வெறுமையாக வரும். காசிமேட்டு விசைப்படகுகளுக்குக் கூலிக்குப் போகிறவர்களுக்கும் அப்போது வேலை இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்.

கல்லூரிக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. மே மாதத்தில் தேர்வு முடிவு, அதைத் தொட்டாற்போல் விண்ணப்பம், ஜூன், ஜூலையில் கலந்தாய்வும் கட்டணமும் விடுதி முன்பணமும். இந்த இரண்டு பஞ்சாங்கங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வீட்டில் காசு இருக்கும் மாதத்தில் கல்லூரி கேட்பதில்லை. கல்லூரி கேட்கும் மாதத்தில் வீட்டில் காசு இருப்பதில்லை. தகப்பனார் என்ன செய்வார்? வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். வாங்கிவிட்டால் அடுத்த இறால் காலத்தில் வியாபாரி சொன்ன விலைதான் விலை. பிள்ளையின் முதலாண்டுக் கட்டணத்தை ஏரி பலமுறை கட்டித் தீர்க்கிறது.

இது உங்களுக்குத் தெரிந்த கதை. ஆனால் உதவி செய்ய முன்வருகிற நகரத்துப் பெரியவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய விண்ணப்பப் படிவத்தில் "ஆண்டு வருமானம்" என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. எந்த மாதத்து வருமானம் என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

இந்த இடத்தில் தமிழ்நாடு முழுவதும் பெயர் பெற்ற ஒரு கல்வி அறப்பணியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நடிகர் சிவகுமார் அவர்களை மூத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1979இல் அவருடைய நூறாவது படமான 'ரோசாப்பூ ரவிக்கைக்காரி' வெளிவந்தது. அந்தக் காலத்தையொட்டி அவர் ஒரு கல்வி அறக்கட்டளை தொடங்கி, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர்களுக்குப் பரிசு கொடுத்து வந்தார். நல்ல காரியம். பிறகு அவருடைய மகன் சூர்யா 2006இல் அகரம் அறக்கட்டளையைத் தொடங்கினார். 2010இல் அந்த அகரம் 'விதை' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. தகப்பனார் பணிக்கும் மகன் பணிக்கும் உள்ள வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். பரிசு என்பது ஓடி முடித்தவனுக்குக் கொடுப்பது. விதைத் திட்டமோ ஓட்டத்தின் தொடக்கத்தில் நிற்கும் பிள்ளையைத் தேடுகிறது. அதிலும் பெற்றோரை இழந்தவர்கள், தாய் மட்டும் உழைத்துக் காக்கும் பிள்ளைகள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறுகிறவர்கள் ஆகியோரைத் தேடுகிறது.

எப்படித் தேடுகிறது? விண்ணப்பம் வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. தன்னார்வத் தொண்டர்கள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே நேரில் போகிறார்கள். எழுதியது உண்மைதானா என்று சோதிக்க மட்டுமன்று, எழுதத் தெரியாமல் விட்டது என்ன என்று அறியவும் போகிறார்கள் என்பதே என் கருத்து. கல்லூரிகளிடம் பேசி இடம் வாங்கித் தருகிறார்கள். சேர்த்துவிட்ட பிறகும் கைவிடுவதில்லை. வழிகாட்ட ஆள் உண்டு. ஆங்கிலத்துக்கும் தன்னம்பிக்கைக்கும் பயிற்சி உண்டு. 2025 ஆகஸ்டில் விதைத் திட்டத்தின் பதினைந்தாம் ஆண்டு விழா சென்னையில் நடந்தது. அதற்குள் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் அதன் வழியாகப் படிக்க வந்திருந்தார்கள். அவர்களில் 51 பேர் மருத்துவர்கள். படித்து வேலைக்குப் போனவர்களே தொண்டர்களாகத் திரும்பி வருகிறார்கள் என்பது எனக்கு அந்த எண்ணிக்கையைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

சினிமாக்காரரிடம் பணம் இருக்கிறது, செய்கிறார் என்று யாராவது சொல்லலாம். பணம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போவதற்குப் பணம் வேண்டுமா?

வீட்டுக்குப் போவது என்பது நமக்கும் புதிதன்று. 1833இல் பாரிஸ் நகரிலே பிரெடெரிக் ஓசானம் என்ற இருபது வயதுச் சட்டக் கல்லூரி மாணவர், ஏழைகளுக்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எதிர்வாதம் செய்தவர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாகச் சில தோழர்களோடு தொடங்கியதுதான் புனித வின்சென்ட் தே பவுல் சபை. அவர்களுக்கு வழிகாட்டியவர் ரோசலி ரெண்டு என்ற அருட்சகோதரி. அவர் அந்த மாணவர்களைக் கூட்டம் போடச் சொல்லவில்லை. ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். இன்றைக்கும் அந்தச் சபையின் உயிர்நாடி வீடு சந்திப்புதான். இருவராகப் போக வேண்டும். உதவி பெறுகிறவரின் பெயரை வெளியே சொல்லக் கூடாது. கூட்ட முடிவில் சுற்றி வரும் பையில் யார் எவ்வளவு போட்டார் என்பதும் வெளியே தெரியக் கூடாது. ஓசானம் 1997இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். அவர் ஒரு மாணவராக இருந்து இதைத் தொடங்கினார் என்பதை நம் இளைஞர் மன்றத்தார் மனத்தில் வைக்க வேண்டும்.

இந்தப் பெயர் சொல்லாத வழக்கத்தை எண்ணும்போது ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருவிழா மேடையிலே ஏழைப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து, ஆறு நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, மூன்று பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கொடுப்பவர் நல்லெண்ணத்தோடுதான் கொடுக்கிறார். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை அந்த மேடைப் படியில் எப்படி ஏறுகிறாள் என்று பாருங்கள். அடுத்த ஆண்டு அவள் பெயரைக் கூப்பிட்டால் வரமாட்டாள்.

சரி, ஒரு வீட்டுக்குள் போனால் என்னதான் தெரியும்? ஒரு சிறு காரியம் சொல்கிறேன். இப்போது கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை எல்லாம் கணினி வழியாகத்தான். பதிவு செய்தவுடன் கைப்பேசிக்கு ஓர் இரகசிய எண் வரும். சில நிமிடத்துக்குள் அதைப் போட வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அது தகப்பனாரோடு படகில் ஏரிக்குள் போயிருக்கிறது! பிள்ளை பொன்னேரியில் கணினி மையத்தில் காத்திருக்கிறாள். எண் ஏரிக்குப் போகிறது. இப்படி ஒரு தடை இருக்கிறது என்று எந்தப் படிவத்தில் எழுதுவது? பாட்டி கூடை தூக்கி மீன் விற்ற காசில்தான் வீடு நடக்கிறது என்பதும், அக்காள் படிப்பை விட்டு இறால் உரிக்கப் போவதால்தான் தம்பி படிக்கிறான் என்பதும் உள்ளே போய் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தால்தான் தெரியும். அந்த அக்காளுக்கும் வயது பதினெட்டுதான் என்பதும் அப்போதுதான் நம் கண்ணில் படும்.

இன்னொன்று. கட்டணத்துக்கு வழி இருந்தும் தெரியாமலே விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவருக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010ஆம் ஆண்டிலேயே வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளிலும் வந்தது. கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இலும் தொடங்கின. இங்கே பக்கத்தில் பொன்னேரியில் 1965 முதல் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது; மீன்வளக் கல்லூரியும் இருக்கிறது, அந்தப் படிப்பில் மீனவர் பிள்ளைகளுக்கென்று தனி இடங்களும் உண்டு. ஏரியைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை ஏரியைப் பற்றிப் படிக்கலாம் என்று வீட்டில் போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

இவை எல்லாவற்றுக்கும் தாள்கள் வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு. இவற்றை ஜூன் மாதத்தில் தேடத் தொடங்கினால் எல்லாரும் ஒரே வேளையில் ஒரே வாசலில் நிற்பார்கள். ஆதாரில் ஒரு எழுத்து, மாற்றுச் சான்றிதழில் வேறு எழுத்து என்றிருந்தால் அதைத் திருத்தவே வாரங்கள் போகும். தை மாதத்தில் தொடங்கினால் நிதானமாக முடியும்.

ஏரியை நம்பி வாழ்கிறவர்களுக்குப் 'பாடு' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மீஞ்சூரிலும் அத்திப்பட்டிலும் பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் படும் நல்ல இடங்களை வலுத்தவன் வளைத்துக்கொள்ளாதபடி, இன்று இவர்கள், நாளை அவர்கள் என்று முறை வைத்து வலைகட்டும் ஏற்பாடுதான் பாடு. தலைமுறை தலைமுறையாக வருகிறது. அதில் யாரும் யாருக்கும் பிச்சை போடவில்லை; முறை வந்தால் வலை இறங்கும், அவ்வளவுதான். கல்வி உதவியையும் அப்படி நினைத்தால் என்ன? இன்று உன் முறை, நீ படித்து வந்தபின் அடுத்த வீட்டுப் பிள்ளையின் முறை. ஆனால் பாட்டிலே ஒரு குறையும் உண்டு. அதற்கு வெளியே நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். வலையில்லாமல் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் நம் ஏரிக்கரையிலே உண்டு. அவர்களுக்குப் பாடு இல்லை. பல பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்று கூடக் கையில் இல்லை. அவர்கள் நம் கோவிலுக்கு வருகிறவர்களா இல்லையா என்று பார்த்து வீடு சந்திக்கக் கூடாது. நம் பட்டியலில் முதல் பெயர்கள் அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இதில் கருத்து வேறுபாடு உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் தாராளமாகச் சொல்லலாம்.

பங்குத்தந்தை அவர்களின் அனுமதியோடு மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். இறால் காலமாகிய கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் கோவிலில் ஒரு பை வைப்போம். யார் எவ்வளவு போட்டார் என்று எழுத வேண்டாம். மொத்தத் தொகையை மட்டும் அறிவிப்புப் பலகையில் போடுவோம். அந்தப் பணம் மே மாதம் வரை வெளியே போகக் கூடாது. மே, ஜூனில் கல்லூரிக் கட்டணத்துக்கு வட்டியில்லாமல் கொடுப்போம். அடுத்த இறால் காலத்தில் முடிந்தவர்கள் திருப்பட்டும், முடியாதவர்களைக் கேட்க வேண்டாம்.

அடுத்து, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளுக்கு இருவர் இருவராகப் போக ஆட்கள் வேண்டும். இருவருக்கு மூன்று வீடு போதும். பெண் பிள்ளை உள்ள வீட்டுக்குப் போகும் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். தை மாதத்தில் ஒருமுறை தாள்களைப் பார்க்க, தேர்வு முடிவு வந்த அன்று ஒருமுறை, கல்லூரி சேர்ந்தபின் தீபாவளி வரை மாதம் ஒருமுறை. முதல் பருவத் தேர்வில் இரண்டு பாடம் போய்விட்டது என்று பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பும் காலம் அதுதான். அப்போது வீட்டில் ஆள் இருந்தால், அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

மூன்றாவது, அந்தக் கைப்பேசி. பங்கு அலுவலகத்தில் அதற்கென்று ஓர் எண் இருக்கட்டும் என்று முதலில் நினைத்தேன். பிள்ளையின் கணக்கு பிறர் எண்ணில் இருப்பது பின்னால் தொல்லை என்று விவரம் தெரிந்த இளைஞர்கள் சொன்னார்கள். சரிதான். ஆகவே பிள்ளையின் பெயரிலேயே ஒரு சிம் கார்டு வாங்கித் தருவோம். அதற்கு ஆகும் செலவு ஒரு வேளை மீன் குழம்புச் செலவுக்கு மேல் போகாது.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் மறைக்கல்வி வகுப்பறையில் ஒரு குறிப்பேடு வைத்திருப்போம். படித்து வேலையில் இருக்கும் நம் பங்குப் பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். பெற்றோர் அவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டுப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பை இளைஞர் மன்றத் தலைவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.