கல்வெட்டு வேண்டுமா, கூரை வேண்டுமா?

(விருதுநகரில் வணிகர், இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இந்த ஊரில் நின்று கல்விக்கொடை பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். வாங்கும் சரக்கிலும் விற்கும் சரக்கிலும் சிறு தொகை ஒதுக்கும் மகமையும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியும் இங்கே பள்ளிக்கூடம் நடத்தின. காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்ததுதான். 1947இல் செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தது. நம் சமுதாயமும் சும்மா இருக்கவில்லை. 1951இல் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரி எழுந்தது ஜமால் முகம்மது சாகிப், காஜாமியான் ராவுத்தர் போன்ற தனவந்தர்களின் கொடையால்.

அன்று கட்டிக் கொடுத்தார்கள். இன்று அவற்றுக்கு வயதாகிவிட்டது. நன்கொடை கேட்டுப் போனால் நம்மவர்கள் என்ன கேட்கிறார்கள்? "புதுக் கட்டடமா? கல்வெட்டில் அத்தா பெயர் போடுவீர்களா?" ஒழுகும் கூரையை அடைத்தால் கல்வெட்டு வைக்க முடியாதே!

மொராக்கோ நாட்டு ஃபெஸ் நகரைப் பாருங்கள். 859இல் வணிகர் மகளான ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி தமக்கு வந்த வாரிசுச் சொத்தைக் கொண்டு கரவிய்யீனை நிறுவியதாக வரலாறு. பள்ளிவாசலாகத் தொடங்கிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதன் நூலகம் பழுதுபட்டபோது, 2012இல் அதே ஊரில் பிறந்த அஸீஸா ஷாவூனி என்ற பெண் கட்டடக் கலைஞரிடம் பணி தரப்பட்டது. இடித்துத் தள்ளவில்லை. தரைக்கடியில் கழிவுநீருக்கு வழி செய்தார். கையெழுத்துப் பிரதிகளுக்குப் பாதுகாப்பான அறை அமைத்தார். வருவோர் உட்காரத் தேநீரகமும் சேர்த்தார்.

உட்காரும் இடம் என்றேனே, அதுதான் முக்கியம். வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வரும் பட்டாசுத் தொழிலாளி மகள், வகுப்பு இல்லாத நேரத்தில் எங்கே இருப்பாள், எங்கே சாப்பிடுவாள் என்று நாம் கேட்டதுண்டா? வராந்தாவை அடைத்து ஸ்டோர் ரூம் ஆக்குவதில் மட்டும் நாம் கெட்டிக்காரர்கள்! இரண்டு பழைய கட்டடங்களுக்கு நடுவே சும்மா கிடக்கும் இடத்துக்குக் கூரை போட்டு, பெஞ்சும் குடிநீரும் வையுங்கள். பக்கத்திலேயே பெண்களுக்குக் கழிப்பறை கட்டுங்கள். பருப்பு மண்டிக்காரர் மகனும் அந்தப் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து படிக்கட்டும்.

இன்னொன்று. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட மட்டப்பாவுக்கு மேல் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றி உத்தரத்தின் முனை உளுத்துப்போகும். கடுக்காய், கருப்பட்டி சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள்.

பழைய மாணவர்களே! ஐப்பசி மழைக்கு முன் அவரை அழைத்துக்கொண்டு உங்கள் கல்லூரி மாடிக்கு ஏறுங்கள். விரிசல் கண்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்து வாருங்கள். செலவுக் கணக்கை இன்ஷா அல்லாஹ் அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.