ஆபத்து நேரத்தில் யார் எதைப் பார்ப்பது?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பயிற்சியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஆபத்து வந்தா பதறாம இருக்கிறது எப்படின்னு நாலு வார்த்தை பேசு தாயி" என்று தலைவி அக்கா சொன்னாங்க. சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் தெரிந்தது, இது பேசுவதற்குக் கஷ்டமான தலைப்பு. ஏன் என்றால், பதறிக்கிட்டு இருக்கிறவகிட்ட போய் "பதறாத, பதறாத"ன்னு சொல்லிப் பாருங்க. இன்னும் ரெண்டு மடங்கு பதறுவா. நம்ம வீட்டு ஆம்பளைங்க நமக்கு இதைத்தான் சொல்றாங்க. நாம என்னைக்காவது கேட்டு அடங்கியிருக்கோமா?

அதனால் நான் மனசை அடக்குவது பற்றிப் பேசப் போவதில்லை. கையைப் பற்றிப் பேசப் போகிறேன். என் அனுபவத்தில், கைக்கு ஒரு வேலை இருக்கிறவள் பதறுவது குறைவு. சும்மா நிற்கிறவள்தான் அலறுகிறாள். ஆகவே கேள்வி "எப்படி அமைதியா இருக்கிறது?" என்பதல்ல. "யார் எதைப் பார்ப்பது?" என்பதுதான்.

ஆடிப்பூரத் தேரைப் பார்க்காதவங்க இங்கே யாரும் இருக்க மாட்டீங்க. வடம் பிடிக்கிறவங்க ஆயிரக்கணக்கில். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் சறுக்குக்கட்டையோடு குனிஞ்சு நிக்கிறவங்க கொஞ்சப் பேர்தான். ஊரே நிமிர்ந்து ஆண்டாளைப் பார்க்கும்போது அவங்க கண்ணு மட்டும் சக்கரத்து மேல இருக்கும். எல்லாரும் வடத்தையே பிடிப்போம்னு அவங்களும் ஓடிட்டா தேர் என்ன ஆகும்? யோசிச்சுப் பாருங்க. யாருக்கு எந்த வேலை என்று தேர் கிளம்புவதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. நடுரதவீதியில் நின்று கூட்டம் போட்டு முடிவு செய்வதில்லை.

இப்போ ஒரு உண்மைச் சம்பவம். நமக்குத் தெற்கே, தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நம்ம விருதுநகர் மாவட்டத்தில் சராசரியா ஒரு வருஷம் பூரா பெய்கிற மழையைவிட அது அதிகம். அன்று ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நிறுத்தப்பட்டது. முன்னால் செய்துங்கநல்லூர் போகிற வழியில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் வெள்ளத்தில் அடித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. நிலைய மேலாளர் ஜாபர் அலி ரயிலை அங்கிருந்து நகரவிடவில்லை. வண்டிக்குள் சுமார் 800 பேர். குழந்தைகள், வயசானவங்க, கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவங்க.

ஒரு நிமிஷம் அந்த மனுஷன் இடத்தில் நின்று பாருங்கள். ராத்திரி நேரம், கொட்டுகிற மழை. வண்டியை ஏன் எடுக்கவில்லை என்று நினைக்காத பயணி இருந்திருப்பாரா? அங்கே சிக்னல் யார் கையில் இருந்ததோ அவர்தான் முடிவு எடுக்க வேண்டும். எடுத்தார். 800 பேரும் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஆனால் நம்ம பெண்களுக்கு நான் சொல்ல வந்தது அடுத்த பகுதி. சுமார் 300 பேரைப் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் வெள்ளம் ஏறி, ரோடு துண்டிக்கப்பட்டு, மிச்சம் 500 பேர் ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டது பிறகு. அதற்கு முன்னால் அவங்களுக்குச் சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரங்க. அந்த ஊரைச் சுற்றியும் தண்ணிதான். அப்படி இருந்தும் கையில் இருந்த அரிசி பருப்பை வைத்துச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இதைப் பேப்பரில் படிக்கும்போது "ஆஹா, நல்ல மனசு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். நாம சமைக்கிறவங்க. கணக்குப் போட்டுப் பார்க்கணும். ஒரு கிலோ அரிசி 8 பேருக்கு என்று வைத்தால், 500 பேருக்கு ஒரு வேளைக்கே 60 கிலோவுக்கு மேல் வேணும். அது ஒரு வீட்டில் இருக்குமா? மழையில் விறகு நனைந்திருக்கும். பெரிய அண்டா வேணும். தண்ணி ஊரெல்லாம் இருக்கும், குடிக்கிற தண்ணி இருக்காது. கோயில் கொடைக்கோ அன்னதானத்துக்கோ சமைத்தவங்க இங்கே இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க. அரிசி சேர்க்க ஒருத்தர், உலை வைக்க ஒருத்தர், சுமந்துகொண்டு போக நாலு பேர், முதலில் யாருக்குக் கொடுப்பது என்று பார்க்க ஒருத்தர், இப்படிப் பிரிக்காமல் அது நடக்குமா? நல்ல மனசு மட்டும் இருந்தா உலை கொதிக்காது அக்கா.

இதுக்கு நேர் எதிரான ஒரு சம்பவத்தையும் சொல்லித்தான் ஆகணும். வருத்தமா இருக்கும். ஆனாலும் நம்ம மாவட்டத்தில் நடந்தது, நாம பேசாம வேற யார் பேசுவா? 2012 செப்டம்பர் 5. சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை விபத்து. ஏறத்தாழ 40 பேர் செத்துப் போனார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவங்க இல்லை. முதலில் தீ பிடித்தபோது, பக்கத்திலிருந்து காப்பாற்ற ஓடினவங்க, என்ன ஆச்சுன்னு பார்க்க ஓடினவங்க. அடுத்து வந்த பெரிய வெடிப்பில் அவங்க மாட்டிக்கிட்டாங்க.

ஓடினவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே நம்ம புள்ள இருக்கும்போது ஓடாம யார் நிப்பா? ஆனால் நம்ம குழுக்களில் பட்டாசு வேலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் போகிற உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். உங்க வீட்டு ஆட்கள் போகிறாங்க. புகை தெரிந்தால் அந்தத் திசையைப் பார்த்து ஓடக் கூடாது, எதிர்த் திசையில் போகணும் என்பதை இன்றைக்கே வீட்டில் பேசிவையுங்கள். ஊரில் இருக்கிறவங்க செய்ய வேண்டியது, தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வருகிற ரோட்டை மறிக்காமல் விடுவது. வேடிக்கை பார்க்க வருகிற பையன்களைத் தடுத்து நிறுத்துவதும் ஒரு வேலைதான். அதற்கும் ஒருத்தர் வேணும், சத்தமா பேசத் தெரிந்த ஒருத்தர். ஒவ்வொரு குழுவிலும் அப்படி ஒரு அக்கா இருக்காங்க, அவங்க பேரை நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே திரும்பிப் பார்க்கறீங்க!

மலைத் தண்ணியும் அப்படித்தான். கீழே ராஜபாளையத்தில் ஒரு சொட்டு மழை இருக்காது. மேலே மலையில் பெய்ந்து, அய்யனார் கோவில் ஆற்றில் திடீர்னு வெள்ளம் வந்துரும். 2015 மே மாதம் அமாவாசைக்குச் சதுரகிரி போனவங்க ஓடையில் திடீர் வெள்ளம் வந்து உயிர் விட்டது ஞாபகம் இருக்கும். தண்ணி ஏறிட்டா அக்கரையிலேயே உட்கார்ந்துவிடணும். பசியோட ஒரு ராத்திரி இருக்கலாம், தப்பில்லை. "எல்லாரும் கையைக் கோத்துக்கிட்டுக் கடந்துரலாம்" என்று ஒருத்தர் சொல்லுவார் பாருங்க, அவர் பேச்சைக் கேட்காதீங்க.

பெரிய விபத்து மட்டும்தான் ஆபத்து என்று இல்லை. நம்ம பகுதியில் ஒரு குழு தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம் ஆர்டர் எடுத்துச் செய்துகொண்டிருந்தார்கள். பத்துப் பேர். எண்ணெய்ச் சட்டி குப்புனு தீப்பிடிச்சது. சின்னப் பொண்ணு ஒருத்தி குடத்துத் தண்ணியைத் தூக்கிட்டா. பக்கத்தில் இருந்த அம்மா அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சு இழுத்துட்டாங்க. நல்லவேளை. எரிகிற எண்ணெயில் தண்ணி ஊத்தினா தீ கூரை வரைக்கும் எகிறும். இன்னொருத்தர் கேஸை மூடினார். ஒருத்தர் பெரிய தட்டை ஓரத்திலிருந்து நகர்த்திச் சட்டியை மூடினார். சட்டியை யாரும் தொட்டுத் தூக்கவில்லை. வாசலில் விளையாடின புள்ளைகளை ஒருத்தர் தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போனார். சட்டி ஆறுகிற வரைக்கும் மூடியைத் திறக்கவே இல்லை. இவ்வளவும் ஒரு நிமிஷத்துக்குள்.

அந்தக் குழுவில் யாரும் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. முந்தின மாசம் தீயணைப்புக்காரங்க வந்து காட்டிட்டுப் போனதை, கூட்டத்தில் ஒரு தடவை சும்மா நடிச்சுப் பார்த்திருந்தாங்க. அப்போ எல்லாரும் சிரிச்சாங்களாம். ஒரு அம்மாவுக்குக் கையில் எண்ணெய் தெறித்திருந்தது. ஒருத்தி பேஸ்ட் எடுத்துட்டு வந்தா, ஒருத்தி இங்க் ஊத்தலாம்னா. வேண்டாம்னு சொல்லிட்டு, குழாயடியில் உட்கார வைத்து 20 நிமிஷம் சாதாரணத் தண்ணி ஓடவிட்டு, சுத்தமான துணியை லேசா மூடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாங்க. பேஸ்ட், இங்க், மாவு, மஞ்சள் எதுவும் தீக்காயத்துக்கு வேண்டாம். ஒட்டிப்போன துணியைப் பிய்க்கவும் வேண்டாம்.

இப்போ போனுக்கு வருவோம். 108க்கு நாம எப்படிப் பேசுறோம் தெரியுமா? "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க"ன்னு பத்து தடவை சொல்லுவோம். எங்கேன்னு சொல்ல மாட்டோம். ஒரே விபத்துக்கு எட்டுப் பேர் போன் போடுவோம், எட்டுப் பேரும் எட்டு இடம் சொல்லுவோம். ஒருத்தர் மட்டும் பேசணும். முதலில் இடம்: பஞ்சு மார்க்கெட்டுக்கு எந்தப் பக்கம், எந்தத் தெரு, பக்கத்தில் என்ன கோயில். அடுத்து எத்தனை பேருக்கு அடி. அவங்க வைக்கிற வரைக்கும் நாம போனை வைக்கக் கூடாது. தீக்கு 101, வெள்ளம் புயலுக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, எதுவும் ஞாபகம் வரவில்லை என்றால் 112. தீர்மானப் புத்தகத்தின் உள்அட்டையில் பெருசா எழுதி ஒட்டுங்கள்.

போன் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிடறேன். "உங்க பையனைப் போலீஸ் பிடிச்சிருக்கு, உடனே பணம் அனுப்புங்க" என்று வருகிற போனும் ஒரு ஆபத்துதான். அவன் தொழிலே உங்களைப் பதற வைக்கிறதுதான். தனியா முடிவு எடுக்காமல் குழுவில் ஒருத்தருக்கு உடனே கூப்பிடுங்க. பணம் போயிருந்தால் 1930.

எல்லாத்தையும்விட முக்கியமானதை இப்போ சொல்கிறேன். வெள்ளமோ தீயோ, மீட்பு ஆட்கள் வந்து இறங்கினதும் கேட்கிற முதல் கேள்வி: "எத்தனை பேர் இருந்தாங்க? யாரைக் காணோம்?" ஊரில் இருக்கிற பெரிய மனுஷங்களால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நம்மால் முடியும். வாரா வாரம் கூட்டத்தில் முதல் வேலையா என்ன செய்கிறோம்? வருகைப் பதிவேட்டை எடுத்துப் பேர் கூப்பிடுகிறோம். அதே வேலைதான். ஊக்குநர் ஒரு இடத்தில் நின்று சத்தமா பேர் கூப்பிடணும். வராத பேரைத் தனியா எழுதணும். அந்தப் பேர் கூப்பிடுகிற சத்தம் கேட்டாலே பாதிப் பேருக்குப் படபடப்பு குறையும். தினமும் கேட்ட குரல் இல்லையா.

நிவாரணம் வந்த பிறகுதான் நிஜமான சண்டை வரும். யாருக்குப் பாய் கிடைச்சது, யாருக்குப் போர்வை கிடைக்கலன்னு. கணக்காளர் அங்கேயே நோட்டைத் திறந்து, கொடுக்கக் கொடுக்கக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கணும். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது தமிழ்நாடு பூரா நம்ம மாதிரிக் குழுக்கள் முகக்கவசம் தைத்தது நினைவிருக்கா? வெட்ட ஒருத்தர், தைக்க ஒருத்தர், எண்ணிக் கட்ட ஒருத்தர். நோட்டை ஒழுங்கா எழுதின குழுவில் பணம் வந்தபோது பிரச்சினை இல்லை. எழுதாத குழுக்களைப் பற்றி இந்த மேடையில் வேண்டாம்.

சரி, நேரம் ஆச்சு. கூட்டமைப்பு நிர்வாகிகள் சம்மதித்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒரு தீர்மானம் போடப் போகிறோம். ஐப்பசி அடைமழை தொடங்குவதற்குள் ஒவ்வொரு குழுவும் வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கணும். போன் பேசுகிறவர், பேர் கூப்பிடுகிறவர், புள்ளைகளையும் நடக்க முடியாதவங்களையும் பார்க்கிறவர், குழுவின் நோட்டு, பாஸ்புக் எல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுக்கிறவர், கூட்டத்தை விலக்குகிறவர். ஒவ்வொரு வேலைக்கும் மாற்றாள் ஒருத்தர் வேணும். ஆபத்து வருகிற அன்றைக்கு அந்த அக்கா மகள் பிரசவத்துக்குப் போயிருக்கலாம். தலைவிக்குத்தான் எல்லா வேலையும் என்று எழுதிக் கொடுக்காதீங்க, அப்படி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

முன் வரிசையிலிருந்து தாள் வருது பாருங்க. குழு பேர் மேலே, ஆள் பேர் கீழே, நேரே போன் நம்பர். எழுத வராதவங்க பக்கத்தில் இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க. பேனா குறைவாத்தான் இருக்கு, எழுதிட்டு அடுத்தவங்களுக்குக் கொடுங்க. சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள எல்லாத் தாளும் என் கைக்கு வந்திரணும்.