எபிசோடு எழுத்து வடிவம்: துப்பாக்கிக்கு ஒரு மீட்டர் மெத்தைத் துணி

 

வேலையில நான் ஒரு நாளைக்கு பத்து தடவையாவது சொல்ற வார்த்தை 'பேட்ச்'. இந்த வார்த்தை சாஃப்ட்வேருக்கு எப்படி வந்துச்சு தெரியுமா? பழைய கம்ப்யூட்டர்கள்ல புரோகிராமை ஓட்டை போட்ட காகித நாடாவுலயும் அட்டையிலயும்தான் வச்சிருந்தாங்க. தப்பு இருந்தா அந்தத் துண்டை வெட்டிட்டு வேற துண்டு ஒட்டுவாங்க. நிஜமான ஒட்டு. அதுதான் பேட்ச்.

இன்னிக்கு பேசப்போறது அதைவிடப் பழைய பேட்ச். வாய் வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்குள்ள போடுற துணித் துண்டு. அதுக்குத் துணி வாங்க நானும் எங்க தாத்தாவும் மதுரைக்குப் போன கதை. ஏன் போனோம்ங்கிறதுல என் தப்பு ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

தாத்தாவோட துப்பாக்கி

எங்க ஊர் அலங்காநல்லூர். ஜல்லிக்கட்டுன்னு சொன்னா உலகத்துக்கே தெரியும். ஜல்லிக்கட்டு இல்லாத மத்த நாள்ல அது வயக்காட்டு ஊர். நெல்லு, கரும்பு, தென்னை. ஊர்ல ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலையே ஆரம்பிச்சாங்கன்னா கரும்பு எவ்வளவு முக்கியம்னு பாத்துக்கோங்க. எங்க கொல்லை வகுத்துமலைப் பக்கம். கரும்பு முத்தி இனிப்பு ஏறுற சமயம் காட்டுப்பன்னி இறங்கும். தின்னுறது கொஞ்சம், மிதிச்சுச் சாய்க்கிறதுதான் நிறைய.

தாத்தாகிட்ட லைசன்ஸோட ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்துச்சு. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்துலயே பயிர்ப் பாதுகாப்புக்காக வாய் வழியா கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசன்ஸ் கொடுக்கலாம்னு தனியா ஒரு வரி இருக்கு. ஆனா பயிர்ப் பாதுகாப்புன்னா பன்னியைச் சுட்டுக்கலாம்னு அர்த்தம் இல்ல. அதுக்கு 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்க நிக்கும். தாத்தா ரவையே போட மாட்டார். மருந்து, அதுக்கு மேல துணி, கம்பியால ஒரு இடி, வானத்தைப் பாத்து ஒரு சத்தம். பன்னி மலையேறிடும்.

லைசன்ஸ் அவர் பேர்ல இருக்கிறதால சுடுறது அவர் மட்டும்தான். நான் டார்ச் பிடிக்கிற ஆள். இன்னொரு வேலையும் எனக்கு உண்டு, துணி எடுத்துக் கொடுக்கிறது.

என்னோட பக்

தாத்தா எப்பவும் பழைய வேட்டியைத்தான் கிழிச்சு வச்சிருப்பார். 2023 மாசி மாசம், ஒருநாள் ராத்திரி, அந்தப் பை காலி. "டேய், ஏதாவது பழந்துணி எடுத்துட்டு வாடா"ன்னார். நான் பீரோவுல கைவிட்டு, பழைய கம்பெனில கொடுத்த டி-ஷர்ட் ஒண்ணை எடுத்து நறுக்கிக் கொடுத்தேன். இருட்டுல அவரும் தடவிப் பாக்கல.

சத்தம் வந்துச்சு. கூடவே ஒரு நெருப்புப் பொட்டு பறந்து போறதை நான் பாத்தேன். அது போய் விழுந்தது பக்கத்துக் கொல்லையில. அங்க கரும்பு வெட்டி முடிச்சு பத்து நாள். தரை பூரா காஞ்ச சோகை.

கரும்புச் சோகை எரியிறதைப் பாக்காதவங்களுக்குச் சொல்றேன், அது மெதுவா பிடிக்காது. ஒரு நிமிஷத்துல இடுப்பு உயரம். தாத்தா துப்பாக்கியை வரப்புல வச்சுட்டு ஈரச் சாக்கை எடுத்துக்கிட்டு ஓடினார், 78 வயசு. நான் மோட்டாரைப் போட ஓடினேன். சத்தம் கேட்டு நாலு பேர் வந்தாங்க. அரை மணி நேரம் அடிச்சு அணைச்சோம். ஆளுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா மறுதாம்புக்கு விட்டிருந்த கட்டையில துளிர்த்த குருத்து ஒரு மூலை பூராவும் கருகிப்போச்சு.

கொல்லைக்காரர் எங்களுக்குச் சித்தப்பா முறை. கத்தல. "உங்க கையில இப்படி நடக்கும்னு நெனைக்கல மாமா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார். தாத்தா மறுநாள் காலையில பணம் கொண்டுபோய்க் கொடுத்தார். எதைக் கிழிச்சுக் கொடுத்தேன்னு என்னைக் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா பரவாயில்லன்னு இருந்துச்சு.

லாக் படிக்கிறது

ரெண்டு நாள் கழிச்சு குழலைக் கழுவினோம். கருமருந்துல சுட்டா உள்ள கரி படியும், அது ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால வெந்நீர் ஊத்திக் கழுவுறது வழக்கம். இந்தத் தடவை கரியோட சேர்ந்து கறுப்பா பிசின் மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்துச்சு. தாத்தா விரல்ல உருட்டிப் பாத்துட்டு, "இது நூல் இல்ல, பிளாஸ்டிக்"னார்.

அப்பதான் டி-ஷர்ட் விஷயத்தைச் சொன்னேன். பாலியஸ்டர் கலந்த துணி. பருத்தி உருகாது, எரிஞ்சா சாம்பல். பாலியஸ்டர் 250 டிகிரிக்கு மேல போனா உருகும், சூட்டோட எங்க பட்டாலும் ஒட்டும். குழலுக்குள்ள கங்கோட ஒட்டியிருந்து, அது மேல அடுத்த மருந்தைக் கொட்டியிருந்தா? தாத்தாவோட முகம் குழல் வாய்க்கு நேரா இருந்திருக்கும். அதை இப்ப நெனைச்சாலும் எனக்கு உள்ளங்கை வேர்க்குது.

இன்னொரு தப்பும் இருந்துச்சு. டி-ஷர்ட் பின்னல் துணி, நெய்த துணி இல்ல. இழுத்தா நீளும். அழுத்தம் வந்தா கண்ணு விரிஞ்சு நெருப்பு உள்ள புகுந்துடும்.

அப்புறம் நான் வெளிநாட்டுல இந்தத் துப்பாக்கியை விளையாட்டா சுடுறவங்க என்ன பண்றாங்கன்னு படிச்சேன். அவங்க ரைஃபிள் நம்ம துப்பாக்கி மாதிரி இல்ல, குழலுக்குள்ள சுருள் பள்ளம் இருக்கும். ஈயக் குண்டு குழலைவிடக் கொஞ்சம் சின்னது. அதைத் துணியில சுத்தி உள்ள தள்ளுவாங்க. துணிதான் பள்ளத்தைப் பிடிச்சுக்கிட்டு குண்டைச் சுழல வைக்கும். ஒரு கணக்கு சொல்றேன். குழல் 12.7 மில்லிமீட்டர். குண்டு 12.45. துணி 0.38, ரெண்டு பக்கமும் சேத்தா 0.76. மொத்தம் 13.21. குழலைவிட அரை மில்லிமீட்டர் பெருசு! எப்படி உள்ள போகுது? துணி நசுங்குது, பள்ளத்துக்குள்ள இறங்குது. அதனாலதான் துணியோட கனம் அவ்வளவு முக்கியம். 1800-ல பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கிட்ட பேக்கர் ரைஃபிள்ல, இந்தத் துணியை வைக்க கட்டைப் பிடியிலயே மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டி உண்டு.

எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. சுட்டு முடிச்சதும் அவங்க குறியைப் பாக்கிறதுக்கு முன்னாடி கீழ விழுந்த துணியைப் பொறுக்குவாங்க. நடுவுல பழுப்பு, ஓரம் முழுசா இருந்தா சரியான துணி. நடுவுல ஓட்டைன்னா துணி மெலிசு, இல்லன்னா எண்ணெய்ப் பசை போதல. ஓரம் கிழிஞ்சிருந்தா குழல் வாயில கூர் இருக்கு. இது லாக் ஃபைல் இல்லாம வேற என்னங்க?

விளக்குத்தூண்

ஞாயித்துக்கிழமை தாத்தாவும் நானும் பஸ் ஏறினோம். பெரியார் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி, மாசி வீதி வழியா நடந்து விளக்குத்தூண். மதுரைக்காரங்களுக்குத் தெரியும், ஜவுளின்னா அந்த வட்டாரம்தான்.

முதல் கடையில "சுத்தக் காட்டன் இருக்கா?"ன்னு கேட்டேன். "எல்லாமே காட்டன்தான் தம்பி"ன்னார். இந்தப் பதில் வந்தா உஷாராகிடணும். தாத்தா துணி ஓரத்துல ஒரு நூலை உருவி, என்னை வெளிய கூட்டிட்டு வந்து தீக்குச்சி கிழிச்சார். நூல் சுருண்டு, நுனியில கறுப்பா கெட்டியா ஒரு மணி நின்னுச்சு. பாலியஸ்டர் கலப்பு. பருத்தின்னா காகிதம் எரியிற வாசனை வரும், தொட்டா உதிர்ற சாம்பல் சாம்பலா இருக்கும். பாவு நூல் ஒண்ணு, ஊடை நூல் ஒண்ணு, ரெண்டையும் தனித்தனியா எரிச்சுப் பாக்கணும். ஒரு பக்கம் பருத்தி, மறுபக்கம் கலப்புன்னு நெய்யிறதும் உண்டு.

ரெண்டாவது கடையில வேட்டித் துணி. சுத்தப் பருத்திதான், ஆனா வெளிச்சத்துல பிடிச்சா அந்தப் பக்கம் தெரியுது. மூணாவது கடைக்காரர், "என்னத்துக்குங்கய்யா?"ன்னு தாத்தாவைக் கேட்டார். தாத்தா ஒளிக்காம சொன்னார். அவர் சிரிக்கல. கொஞ்சம் யோசிச்சுட்டு, "அப்ப மெத்தைத் துணி பாருங்க"ன்னு நீலக் கோடு போட்ட துணி ஒண்ணை எடுத்துப் போட்டார்.

நம்ம வீட்டு இலவம்பஞ்சு மெத்தை ஞாபகம் இருக்கா? அந்தக் கோடு போட்ட உறைத் துணி. இலவம்பஞ்சு மயிர் மாதிரி நைசா இருக்கும், சாதாரணத் துணின்னா வெளிய வந்துடும். அதனால நெருக்கமா, சாய்வு வரி தெரியிற மாதிரி நெய்வாங்க. எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. அமெரிக்காவுல துப்பாக்கி பேட்ச்சுக்குப் பேர்போன துணியும் தலையணை உறைத் துணிதான். அங்க இறகு வெளிய வரக்கூடாது, இங்க பஞ்சு வெளிய வரக்கூடாது.

நூலை எரிச்சோம், ரெண்டு பக்கமும் பருத்தி. தாத்தா பெருவிரலை வச்சு அழுத்தி இழுத்தார், கண்ணு விரியல. ஒரு மீட்டர் வாங்கினோம்.

வீட்டுக்கு வந்து சோப்பு போட்டு ரெண்டு தடவை வெந்நீர்ல அலசினோம். புதுத் துணியில கஞ்சி இருக்கும், அது இருக்கிற வரை எண்ணெய் உள்ள இறங்காது, கனமும் பொய் சொல்லும். காலேஜ் ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேபுக்கு அப்புறம் முதல் தடவையா ஸ்க்ரூ கேஜ் எடுத்தேன். மெத்தைத் துணி 0.4 மில்லிமீட்டரை ஒட்டி நின்னுச்சு, வேட்டி அதுல பாதிகூட வரல. தாத்தா ரெண்டையும் விரல்ல தடவி, "இது அதுல ரெண்டு மடிப்பு"ன்னார். எனக்கு மெஷின் தேவைப்பட்டுச்சு, அவருக்குத் தேவைப்படல.

கடைசியா பசை. பருத்தியும் கங்கு பிடிச்சுக் கனியும், அதனால உலர்ந்த துணியை அப்படியே போடக்கூடாது. தேன்மெழுகுல கொஞ்சம் நல்லெண்ணெய் உருக்கித் தடவினோம். பெட்ரோலிய எண்ணெய் கூடாது, கருமருந்தோட சேந்தா தார் மாதிரி படியும். துப்பாக்கிக்குத் தடவுற கொழுப்பு சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. 1857-ல என்ஃபீல்டு தோட்டாவுல தடவின கொழுப்பு எந்த மிருகத்தோடதுங்கிற சந்தேகம் ஒரு பெரிய எழுச்சிக்கே தீப்பொறி ஆச்சு.

அப்புறம்

தாத்தா வாய்க்கால் பக்கம், தண்ணி நிக்கிற வயலைப் பாத்து ரெண்டு தடவை சுட்டார். நான் ஓடிப்போய் துணியைப் பொறுக்கிட்டு வந்தேன். நடுவுல பழுப்பு, ஓரம் முழுசு, கங்கு இல்ல. "சரியாயிருச்சு தாத்தா"ன்னு குதிச்சேன்.

அவர் துணியைக் கையில வச்சுப் பாத்துக்கிட்டே, "துணி சரியாயிருச்சு, அப்பு. கை சரியாகலியே"ன்னார். கம்பி பிடிச்ச கை நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி துணியைத் தடவிப் பாக்காம போட்டது தன்னோட தப்புன்னே அவர் முடிவு பண்ணியிருந்தார். என் தப்பைத் தன் பேர்ல எழுதிக்கிட்டார்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் வந்துச்சு. தேர்தல்னா லைசன்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்றது வழக்கம். தேர்தல் முடிஞ்சு திருப்பி வாங்கப் போறதுக்கு முன்னாடி, "உன் பேருக்கு எழுதிக் கேக்கவா?"ன்னு என்னைக் கேட்டார். நான் மாசத்துல ரெண்டு நாள்தான் ஊர்ல இருக்கேன். கரும்பைக் காக்க முடியாதவனுக்கு எதுக்குத் துப்பாக்கி? வேணாம்னேன். அவரும் தலையாட்டினார். லைசன்ஸை ஒப்படைக்கிறேன்னு எழுதிக் கொடுத்துட்டார். இப்ப எங்க கொல்லையைச் சுத்தி பழைய சேலைதான் வேலி. அதுவும் துணிதான் பாருங்க.

மிச்ச மெத்தைத் துணியில அம்மா ரெண்டு தலையணை உறை தச்சாங்க. ஒண்ணு தாத்தாகிட்ட, ஒண்ணு என்கிட்ட. வேலையில பேட்ச் போடும்போது 'எல்லாமே காட்டன்தான்'னு யாராவது சொன்னா, இப்பல்லாம் நான் ஒரு நூலை உருவி எரிச்சுப் பாத்துடறேன்.

உங்க வீட்டுப் பெரியவங்க கையில தடவியே கண்டுபிடிக்கிற விஷயம் ஏதாவது இருந்தா கேட்டு வச்சுக்கோங்க. எனக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பாப்போம்.