ஒளியைத் தீட்டியவர்கள்

நான் கல்லூரியில் பயின்ற நாளில், ஒருநாள் நூலகத்தில் ஓவிய நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் மூடுபனி படர்ந்த துறைமுகம். நீரில் இரண்டொரு படகுகள். வானில் செம்மஞ்சள் வட்டமாக ஒரு சூரியன். நீரில் அதன் ஒளி சில கீற்றுகளாகச் சிதறிக் கிடந்தது. 'ஓவியர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார் போலும்!' என்று எண்ணிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். ஏறக்குறைய இதே கருத்தை 1874-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பத்திரிகையாளர் ஒருவர் எழுதினார் என்பதையும், அந்த ஏளனத்திலிருந்தே ஒரு பெரிய கலை இயக்கம் தன் பெயரைப் பெற்றது என்பதையும் பின்னரே அறிந்தேன். அந்த இயக்கத்தைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

அக்காலத்துப் பிரான்சில் ஓவியன் ஒருவன் புகழும் பொருளும் பெறுவதற்குப் பெரும்பாலும் ஒரே வாயில்தான் இருந்தது. அதுதான் 'சலோன்' என்னும் அரசாங்கக் கண்காட்சி. எந்த ஓவியம் உள்ளே செல்லலாம், எது செல்லக்கூடாது என்பதை ஒரு நடுவர் குழு முடிவு செய்தது. புராணக் காட்சிகள், வரலாற்று நிகழ்ச்சிகள், தூரிகை பட்ட சுவடே தெரியாத வழுவழுப்பு ஆகியவையே அக்குழு விரும்பியவை. 1863-ஆம் ஆண்டில் தள்ளப்பட்ட ஓவியங்களின் தொகை பெருகி, ஓவியர்களின் முறையீடும் வலுத்தபோது, மூன்றாம் நெப்போலியன் அவற்றுக்கென்று தனிக் கண்காட்சி ஒன்று நடத்த ஆணையிட்டார். அங்கே சென்றவர்களில் பலர் சிரிப்பதற்காகவே சென்றனர்.

பதினோர் ஆண்டுகள் கழித்து, 1874 ஏப்ரல் 15-ஆம் நாள், முப்பது கலைஞர்கள் நடுவர் குழுவின் தயவை நாடாமல் தாங்களே ஒரு கண்காட்சியைத் திறந்தனர். நதார் என்னும் புகைப்படக் கலைஞர் முன்பு தொழில் நடத்திய கூடமே அவர்களுக்கு இடமாயிற்று. மோனே, ரெனுவார், பிஸாரோ, சிஸ்லே, தெகா, செசான், பெர்த் மோரிசோ என்னும் பெண்மணி ஆகியோர் அவர்களுள் சிலர். நான் நூலகத்தில் கண்ட துறைமுகம் மோனே தீட்டியது. அதற்கு அவர் 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' என்று பெயரிட்டிருந்தார். இம்ப்ரெஷன் என்றால் மனத்தில் படிந்த பதிவு. லூயி லெருவா என்னும் பத்திரிகையாளர் அச்சொல்லைப் பற்றிக்கொண்டு, சுவரில் ஒட்டும் அச்சுத்தாள்கூட இதைவிட முற்றுப்பெற்றது என்று நையாண்டிக் கட்டுரை ஒன்று எழுதினார். 1877-இல் நடந்த மூன்றாம் கண்காட்சியில், ஏளனமாக வந்த அப்பெயரை ஓவியர்கள் தாங்களே சூடிக்கொண்டனர்.

அவர்கள் செய்த புதுமைதான் என்ன? இலை பச்சை, நிழல் கறுப்பு என்பன நாம் அறிந்துவைத்திருக்கும் செய்திகள். ஆனால் கண் காண்பது எப்போதும் அதுவன்று. காலையில் ஒரு பச்சை, உச்சி வெயிலில் வேறொரு பச்சை. நிழலிலோ நீலமும் ஊதாவும் கலந்திருக்கின்றன. இவ்வோவியர்கள் அறிந்ததைத் தீட்டாமல் கண்டதைத் தீட்ட முயன்றனர். வண்ணங்களைக் குழைத்து வழவழப்பாக்காமல், சிறு சிறு தீற்றல்களாக அருகருகே வைத்தனர். ஷெவ்ரல் என்னும் வேதியியல் அறிஞர், நெசவுக்கூடம் ஒன்றில் சாயப் பகுதியின் தலைவராக இருந்து ஆராய்ந்து, பக்கத்தில் இருக்கும் வண்ணத்திற்கேற்ப ஒரு வண்ணத்தின் தோற்றம் மாறுகிறது என்பதை 1839-இல் நூலாக வெளியிட்டிருந்தார். அக்கருத்து ஓவியர்களிடையேயும் பரவியிருந்தது.

மற்றுமொரு சிறு பொருளும் அவர்களுக்குத் துணை நின்றது. முன்பெல்லாம் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் நீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். அது எளிதில் கிழியும், விரைவில் காயும். 1841-இல் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் வெள்ளீயக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வண்ணங்களைப் பையில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குச் செல்வது எளிதாயிற்று. 1869-இல் மோனேயும் ரெனுவாரும் ஸேன் நதிக்கரையில் அருகருகே அமர்ந்து, அலையில் உடைந்து மின்னும் ஒளியைத் தீட்டினர். ஒளி காத்திருக்காது; ஆகவே கையும் விரைய வேண்டியிருந்தது. பாதியில் விடப்பட்டதாக எனக்குத் தோன்றியது அந்த விரைவேதான். எனினும் எல்லோரும் வெளியில் சென்று தீட்டியவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தெகா அரங்க விளக்கொளியில் ஆடும் நடனப் பெண்களையே பெரிதும் விரும்பினார்.

இந்நெறியின் உச்சியைக் காண விரும்புவோர் மோனேயின் ரூவான் தேவாலய ஓவியங்களைக் காண வேண்டும். 1892, 1893 ஆகிய ஆண்டுகளில் அவர் அத்தேவாலயத்தின் முகப்பை முப்பதுக்கு மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டினார். ஒளி மாறும்போதெல்லாம் ஒரு கித்தானை ஒதுக்கிவிட்டு மற்றொன்றை எடுத்துக்கொள்வார். காலையில் நீலம் தோய்ந்த கல், வெயிலில் பொன்னாகிறது. கட்டடம் ஒன்றுதான், மாறியது ஒளி. தீட்டப்பட்ட பொருள் கல்லன்று, ஒளியே என்பது இங்கே தெளிவாகிறது.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. 1875-இல் அவர்களுடைய ஓவியங்கள் ஏலத்திற்கு வந்தபோது, கூட்டத்தின் கூச்சலை அடக்கப் போலீசாரை அழைக்க வேண்டியிருந்தது. சிஸ்லே 1899-இல் வறுமையிலேயே மறைந்தார். அவர்களுடைய நண்பரும் ஓவியருமான கயிபோத் 1894-இல் இறந்தபோது தம்மிடமிருந்த ஓவியங்களை நாட்டுக்கே எழுதிவைத்தார். அரசாங்கமோ நெடுநாள் தயங்கி, ஒரு பகுதியை மட்டுமே ஏற்றுக்கொண்டது. இன்று அதே ஓவியர்களின் படங்களைக் காணப் பாரிஸ் நகரில் மக்கள் வரிசையில் நிற்கின்றனர்.

மாணவ நண்பர்களே! அந்த நடுவர்கள் அறிவிலிகள் அல்லர். கலையை நன்கு கற்றவர்களே. கற்றது கண்ணை மறைத்துவிட்டது. என் நூலகத்து அனுபவமும் அதுதான். இன்று மாலை, சாயும் வெயிலில் ஒரு வெள்ளைச் சுவரின்மேல் விழும் நிழலைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். அது கறுப்பா, நீலமா? பிறர் சொல்வதைக் கேட்பதற்கு முன், உங்கள் கண்ணையே கேட்டு விடை கூறுங்கள். அதன்பின் மோனேயின் ஓவியத்தை எடுத்துப் பாருங்கள். அது முற்றுப்பெறாத ஓவியம் என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள்.