துளிக்குள் ஒரு கோர்வைக் கரை



காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் நடந்தால், தெருவில் பாவு விரித்து இழை சரிபார்ப்பவர்களைப் பார்க்கலாம். மார்கழியில் அதே நேரம் ஓரத்துப் புல்லில் பனித்துளி நிற்கும். குனிந்து ஒரு துளியை உற்றுப் பாருங்கள். எதிர் வீடும் தென்னையும் அதற்குள் தலைகீழாகத் தெரியும். திருவள்ளுவமாலையில் கபிலர் பெயரால் வழங்கும் வெண்பா குறளுக்கு உவமை ஆக்கியது இந்தக் காட்சியைத்தான்: புல் நுனித் துளிக்குள் தெரியும் பனைமரம்.

அந்தத் துளியை நம் வீட்டு மேசையிலேயே படம் பிடிக்கலாம்.

ஜன்னலோரம் மேசையைப் போடுங்கள். பழைய படச் சட்டம் ஒன்றின் குறுக்கே ஒரு பட்டு இழையைக் கட்டுங்கள். அதற்கு ஒரு முழம் பின்னால், அம்மாவின் கல்யாணப் புடவையை, உடலோடு கோத்து நெய்த கோர்வைக் கரை தெரியும்படி தொங்கவிடுங்கள். பட்டில் நீர்பட்டால் கறை படியும். அதனால் புடவை தள்ளியே இருக்கட்டும். தண்ணீரில் கொஞ்சம் கிளிசரின் கலந்து, ஊசி நீக்கிய சிரிஞ்சால் இழையில் ஒரு துளி வையுங்கள். கிளிசரின் கலந்த துளி சீக்கிரம் உலராது.

துளி ஒரு லென்ஸ். உருண்டையான துளி, பின்னால் இருக்கும் பொருளின் பிம்பத்தைத் தனக்கு முன்னால், கேமராப் பக்கமாக, ஏறத்தாழ தன் ஆரத்தின் அளவு தள்ளி உருவாக்குகிறது. துளியின் விளிம்பில் ஃபோகஸ் வைத்தால் கரை மங்கிப்போவது இதனால்தான். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னால் கொண்டு வாருங்கள்; ஜரிகை பளிச்சென்று தெரியும். செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸே இதற்குப் போதும்.

விழும் துளியைப் பிடிப்பது அடுத்த படி. 50 செ.மீ. உயரத்திலிருந்து விடும் துளி கீழே தொடும்போது, நொடிக்கு சுமார் 3 மீட்டர் வேகத்தில் வருகிறது. 1/200 நொடியில் அது ஒன்றரை செ.மீ. நகர்ந்துவிடும், படத்தில் வெறும் கோடுதான் மிஞ்சும். தனி ஃபிளாஷை மிகக் குறைந்த சக்தியில் வைத்தால், அதன் ஒளி சுமார் 1/20000 நொடிதான் நீடிக்கும். அதற்குள் துளி நகர்வது 0.15 மி.மீ. மட்டுமே. அறையை இருட்டாக்கி, ஷட்டரைத் திறந்து வைத்து, துளி தொடும் கணத்தில் ஃபிளாஷை அடியுங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஹரால்ட் எட்ஜர்டன் இப்படி நொடிக்குள் மின்னி மறையும் ஒளியில்தான், பால் துளி கிரீடமாக எழும்பும் புகழ்பெற்ற வண்ணப்படத்தை 1957-ல் எடுத்தார். தட்டில் மெல்லிய படலமாகப் பால் ஊற்றி, மேலிருந்து ஒரு சொட்டு விட்டால், அந்தக் கிரீடம் நம் சமையலறையிலும் எழும்.

முதல் நாள் நூறு படத்தில் ஒன்று தேறினாலே நல்லது. கோர்வை நெய்பவர்கள் கரையையும் உடலையும் ஒவ்வோர் ஊடையிலும் கோத்துக் கோத்துத்தான் முன்னேறுகிறார்கள். அந்தப் பொறுமைதான் இங்கேயும் வேண்டும்.

இந்த விடுமுறையில் பீரோவைத் திறந்து ஒரு காஞ்சிப் பட்டை எடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். புடவையைத் தலைகீழாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். துளிக்குள் அது நேராகத் தெரியும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள். பதில் சொல்லுங்கள்.