காளானும் வெள்ளிக்காசும்



மழை விழுந்துவிட்டால் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துக் காலி மனைகளிலும் புற்றடியிலும் காளான் முளைக்கும். பறித்துக் குழம்பு வைக்கிற வீடுகளும் உண்டு. ஆகவே இன்று அதைப்பற்றியே பேச உத்தேசித்தோம். கடவுளையும் சாஸ்திரத்தையும் விட்டுவிட்டுக் காளானுக்கு வந்துவிட்டார்களே என்று யாரும் வருந்த வேண்டாம். அவை இரண்டும் இதிலும் வந்து சேரும்.

மனுதர்ம சாஸ்திரம் ஐந்தாம் அத்தியாயத்தில் வெங்காயம், பூண்டோடு காளானையும் சேர்த்து, துவிஜன் அறிந்து உண்டால் பதிதனாவான் என்கிறது. எந்தக் காளான் கொல்லும் என்று அதில் ஒரு வரியாவது உண்டா? தின்கிறவனுடைய ஜாதியைப்பற்றி இருந்த கவலை அவனுடைய உயிரைப்பற்றி இல்லை.

சாஸ்திரந்தான் அப்படியென்றால் நம் வீட்டுச் சோதனைகள் எப்படி? குழம்பில் வெள்ளிக்காசு போடு, கறுத்தால் விஷம் என்கிறார்கள். வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகச் சேர்க்கை. காளான் விஷத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. புழு தின்றால் மனிதனும் தின்னலாம் என்பதும் பொய். அமானிட்டா இனத்தில் சிலவற்றின் விஷம் வேகவைத்தாலும் போகாது. தின்று 6 மணி நேரத்திற்கு மேல் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும். அப்புறம் தேறியதுபோல் ஒரு நாள். அதற்குள் ஈரல் கெட்டுவிடும். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக்காளான் தின்று 13 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்து ஏழைகள்.

இடி இடித்துக் காளான் முளைப்பதில்லை. கரையான் தன் புற்றுக்குள்ளே பூசணத்தைப் பயிரிட்டு வளர்க்கிறது. மழை ஈரம் பட்டதும் அதுவே குடையாக மேலே வருகிறது. இதே திருவொற்றியூரில் புற்றே மூலவர். ஊர்தோறும் புற்றுக்குப் பால் ஊற்றி மஞ்சள் பூசுகிற நாம், உள்ளே நடக்கும் விவசாயத்தை எட்டிப் பார்த்தோமா? பார்த்தவன் கண்டது: புற்றுக்காளானின் தலையில் கூர் இருக்கும், தண்டு வேர்போல் புற்றுக்குள் நீண்டு இறங்கும், வித்துத்தூள் இளஞ்சிவப்பு. புல்தரையில் குடைபோல் நிற்கும் வேறொன்றின் தூளோ பச்சை. தின்றால் சில மணி நேரத்தில் வாந்தி. தூளைப் பார்ப்பதற்குக் குடையை அறுத்துக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி இரவு முழுதும் வைத்தால் போதும்.

கண்ணுக்கு ஒன்றுபோல் இருப்பவற்றைப் பிரிக்க இப்போது மரபணுச் சோதனை இருக்கிறது. ஒரு துணுக்கிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, ஐ.டி.எஸ். என்னும் குறிப்பிட்ட பகுதியைப் படித்து, சேமித்து வைத்த பதிவுகளோடு ஒப்பிடுகிறார்கள். பூசணங்களுக்குப் பொது அடையாளமாக அப்பகுதியை 2012-இல் விஞ்ஞானிகள் முன்மொழிந்தார்கள். மனிதனிடம் குலம் கேட்பவர்கள் காளானிடம் கேட்டிருந்தால் நாலு உயிராவது பிழைத்திருக்கும். ஆனால் இதையும் வேதவாக்காக்கிவிடக் கூடாது. பதிவில் பெயர் தவறாயிருந்தால் விடையும் தவறும். அன்றியும் மரபணு இனத்தைச் சொல்லும். முளைத்த மண்ணைச் சொல்லாது. காளான் ஈயம், காட்மியம் போன்றவற்றை மண்ணிலிருந்து உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். ஆகையால் ஆலைக் கழிவும் அனல்மின் நிலையச் சாம்பலும் படிந்த இந்த எண்ணூர் மண்ணில் முளைத்தது நல்ல இனமாகவே இருந்தாலும் நாம் தின்னச் சொல்லமாட்டோம். ஆசை இருந்தால் பால்காளான் வாங்குங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ரகமே இருக்கிறது.

யாராவது தின்றுவிட்டு வாந்தி எடுத்தால் மந்திரிக்க ஓடாதீர்கள். தேறிவிட்டான் என்று வீட்டிலும் படுக்க வைக்காதீர்கள். உடனே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மிச்சமுள்ள காளானைக் காகிதத்தில் சுற்றிக் கையோடு எடுத்துப்போங்கள், டாக்டர் கேட்பார்.