பெண்களுக்கு வரும் ஒரு பொதுநோயும் அதற்கான குளிசையும்

வயிற்றோட்டத்துக்கென்று வைத்தியர் எழுதிக் கொடுத்த குளிசையில் நாலைந்து, பல வீடுகளின் அலுமாரிகளில் மிஞ்சிக் கிடப்பதுண்டு. மெற்றோனிடசோல் என்பது அதன் பெயர். பிளாஜில் என்ற வியாபாரப் பெயரைச் சொன்னால் அறியாதார் குறைவு. சீதபேதிக்கு உதவும் இதே குளிசைதான் பெண்களை வருத்தும் ஒருவகை வெள்ளைபடுதலுக்கும் கொடுக்கப்படுகின்றது என்னும் செய்தி, அயல்வீட்டு மச்சாள் வாயிலாகவோ கைத்தொலைபேசி வாயிலாகவோ காதுக்கு எட்டிவிட்டால், வைத்தியரிடம் வாய்திறந்து சொல்லக் கூசும் பெண் அந்த அலுமாரியைத்தான் முதலில் திறப்பாள். இரண்டு நாள் விழுங்குவாள். சற்றுக் குறைந்தது போலத் தோன்றும். மிகுதியை மறுபடியும் பத்திரப்படுத்தி வைத்துவிடுவாள்.

மருந்தின் பெயரில் பிழையில்லை. ஆயினும் இவ்விதம் எடுத்த மருந்தில் மூன்று பிழைகள் நேர்ந்திருக்க இடமுண்டு. நோய் அதுதானா என்பது பார்க்கப்படவில்லை. அளவும் நாட்களும் கணக்கிடப்படவில்லை. அவள் எடுத்துவரும் வேறு மருந்துகளுடன் இது ஒத்துப்போகுமா என்று எவரும் கேட்கவில்லை. மூன்றாவது பிழை சில சமயங்களில் உயிருக்கே ஆபத்தாக முடிவதுண்டு.

நோயைப் பற்றி முதலில் அறிந்துகொள்ளுதல் நன்று. உடல்நலத்துடன் இருக்கும் பெண்ணின் யோனிவழியில், பாலைத் தயிராக்கும் கிருமிகளின் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. இவற்றை 1892 ஆம் ஆண்டில் விரித்துரைத்தவர் டொடர்லைன் என்னும் ஜேர்மன் மகப்பேற்று வைத்தியர். இவை உண்டாக்கும் புளிப்புத்தன்மை, வேண்டாத கிருமிகளை வளரவிடாது காக்கின்றது. ஏதோ ஒரு காரணத்தால் இந்த நற்கிருமிகள் குறைந்து, காற்றில்லாத இடத்தில் வாழும் வேறு பல கிருமிகள் பெருகிவிடும்போதுதான் இந்நோய் தோன்றுகின்றது. வைத்தியர்கள் இதனைப் பற்றீரியல் வஜைனோசிஸ் என அழைப்பர். 1955 இல் காட்னர், டியூக்ஸ் என்னும் அமெரிக்கர் இருவர், இதற்குக் காரணம் தனியொரு கிருமியே எனக் கருதி அதனை உலகறியச் செய்தனர். அக்கிருமிக்கும் பங்குண்டு, ஆனால் தனியொன்றாக அன்று, ஒரு கூட்டமாகவே அவை தொல்லை தருகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கின்படி, பிள்ளைபெறும் வயதுடைய பெண்களில் 100 பேருக்கு 23 முதல் 29 பேர் வரையில் இந்நிலை காணப்படுகின்றது. ஏறத்தாழ நால்வரில் ஒருவர். அவர்களுட் பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. அறிகுறி உள்ளவர்களிடம் சாம்பல் கலந்த வெண்ணிறமாய், நீர்த்த தன்மையுடன் ஒழுக்கு உண்டாகும். மீன்வாடை போன்ற ஒரு நாற்றம், குறிப்பாக உடலுறவின் பின்னர், எழும். இந்த நாற்றமே பெண்ணின் மனத்தைப் பெரிதும் வருத்துவது. ‘நான் துப்புரவில்லாதவள்’ என்று அவள் எண்ணத் தொடங்குகின்றாள். கோயிலுக்குப் போகவும் பக்கத்தில் ஒருவர் இருக்கவும் அஞ்சுகின்றாள். பிறகு நாளுக்கு மும்முறை சவர்க்காரமிட்டு உட்புறத்தைக் கழுவுகின்றாள், கிருமிநாசினியும் கலக்கின்றாள். எஞ்சியிருந்த நற்கிருமிகளும் இதனால் அழிந்து நோய் முற்றுகின்றது. யோனியின் உட்புறம் தன்னைத் தானே துப்புரவாக்கிக் கொள்ளும் இயல்புடையது. வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவுதல் போதும். உடற்சூட்டினால் வெள்ளைபடுகின்றது என்று சொல்லி இளநீரும் வெந்தயமும் கொடுப்பாருமுளர். அவற்றாற் கேடில்லை; இந்த நோய்க்கு அவை மருந்துமாகா.

வெள்ளைபடுதல் யாவும் இந்நோயாகிவிடாது. மாதவிடாய்க்கு இடைப்பட்ட நாட்களில் நாற்றமோ அரிப்போ இன்றித் தெளிவாகச் சிறிது படுவது இயற்கை. தயிர்க்கட்டி போலத் தடித்துப் படுவதோடு தாங்கமுடியாத அரிப்பும் இருக்குமாயின் அது பெரும்பாலும் பங்கசு நோய். மெற்றோனிடசோல் பங்கசை ஒன்றுஞ் செய்யாது. மஞ்சளும் பச்சையும் கலந்து நுரைத்து வருமாயின், உடலுறவினாற் பரவும் திரைக்கோமோனாசு என்னும் ஒட்டுண்ணியைப் பற்றிச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் இதே மருந்து உதவுமாயினும், கணவருக்கும் கட்டாயம் சிகிச்சை வேண்டும். கண்ணால் மாத்திரம் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது எளிதன்று. கிளினிக்கில் ஒரு துளியை எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்ப்பார்கள். புளிப்புத்தன்மையைச் சிறு காகிதத் துண்டாற் சோதிப்பார்கள். ஐந்து நிமிட வேலை. காய்ச்சல், அடிவயிற்று நோ, உடலுறவின் பின் இரத்தம் படுதல், மாதவிடாய் நின்றபின் மீண்டும் இரத்தங் காணுதல், இவற்றுள் எது இருந்தாலும் குளிசையைத் தேடாது வைத்தியசாலையைத் தேடுதல் வேண்டும். வைத்தியரிடம் நேரே சொல்ல நாணுவோர், வீட்டுக்கு வந்துபோகும் குடும்பநல மாதிடம் முதலிற் சொல்லலாம். அவர் கேட்காத கதையன்று இது.

மெற்றோனிடசோலின் வரலாறும் சுவையானதே. 1953 இல் யப்பானில், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து அசோமைசின் என்ற பொருள் எடுக்கப்பட்டது. அதன் அமைப்பைப் பின்பற்றிப் பிரான்சு நாட்டு இரசாயனிகள் ஆக்கியதே மெற்றோனிடசோல். 1960 ஆம் ஆண்டளவில், முன்சொன்ன ஒட்டுண்ணிக்கு மருந்தாக அது பாவனைக்கு வந்தது. 1962 இல் இலண்டனில் ஒரு பெண் அந்நோய்க்காக அதை உட்கொண்டபோது, அவளுடைய முரசிலிருந்த புண்களும் ஆறிப்போனதை ஷின் என்னும் பல்வைத்தியர் வெளியிட்டார். காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகளையும் இது கொல்லும் என்பது இவ்வாறு தற்செயலாகவே தெரியவந்தது. அக்கிருமிகளின் உடலுக்குள் புகுந்த பின்னரே இம்மருந்து நஞ்சாக மாறி அவற்றின் மரபுப்பொருளைச் சிதைக்கின்றது. நற்கிருமிகளை அது பெரும்பாலும் விட்டுவிடுகின்றது. 1978 இல் அமெரிக்க ஆய்வாளர், நாம் பேசும் இந்நோய்க்கும் அது நன்கு பயன்படுவதைக் காட்டினர்.

இனி, உட்கொள்ளும் முறை. 400 மில்லிகிராம் குளிசை காலை ஒன்று, இரவு ஒன்றாக 5 முதல் 7 நாட்கள் வரை கொடுப்பது வழக்கம். சில நாடுகளில் 500 மில்லிகிராமாக 7 நாட்கள் கொடுக்கப்படுகின்றது. இது எல்லோருக்கும் பொருந்தும் அளவென்று கொள்ளலாகாது. ஈரல் நோயுள்ளவர்க்கு வைத்தியர் அளவைக் குறைப்பார். 200 மில்லிகிராம் குளிசையும் உண்டாகையால், உறையின் மேல் எழுதப்பட்டிருப்பதை வாசியாமல் ‘ஒன்று ஒன்று’ என விழுங்கினால் பாதி மருந்தே உட்செல்லும். ஐந்து குளிசையை ஒரே வேளையில் விழுங்கி முடிக்கும் முறையும் உண்டு. இந்நோயைப் பொறுத்தவரை அதன் பலன் குறைவு.

உணவின் பின் தண்ணீருடன் முழுதாக விழுங்குக. வெறுவயிற்றில் எடுத்தாற் குமட்டும். வாயில் பித்தளைச் செம்பை நக்கியது போன்ற ஒரு சுவை தோன்றும். சோறும் கறியும் ருசிக்காது. சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகலாம். இரத்தம் போகின்றது என்று பயந்து மருந்தை நிறுத்தியோர் பலர். மருந்து முடிந்ததும் நிறம் மாறிவிடும். இடையில் மாதவிடாய் வந்தாலும் குளிசையைத் தொடரலாம். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதாயின் மறந்ததை விட்டுவிடுக. இரண்டையும் சேர்த்து விழுங்குதல் ஆகாது. நாற்றம் 2, 3 நாட்களில் நீங்கினாலும் எழுதிய நாட்கள் முழுவதும் உட்கொள்ள வேண்டும்.

தோலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுமுட்டு ஆகியன தோன்றினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்க. கைகால் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடை தள்ளாடல், வலிப்பு என்பன அரிது. அநேகமாக நெடுநாள் எடுத்தோர்க்கே வருவன. ஆயினும் கண்டால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மதுபானம் பற்றி ஒரு சொல். இக்குளிசையுடன் மது சேர்ந்தால் முகஞ் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுக்கும் என்று பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகின்றது. அதற்கான சான்று உறுதியற்றது என்று 2021 இல் அமெரிக்கச் சுகாதாரத் துறையினரின் வழிகாட்டல் கூறிற்று. எனினும் மருந்துடன் வரும் அறிவிப்புத் தாள்கள் இன்னும் தடுத்தே எழுதுகின்றன. மருந்து முடிந்து 2, 3 நாட்கள் செல்லும் வரை விலக்குவதில் எவருக்கும் நட்டமில்லை. எங்கள் வீடுகளில் மது தொடாத பெண்களே அதிகம் என்பது உண்மை. ஆனால் பிள்ளைப்பெற்ற பின் குடிக்கும் அரிஷ்டங்களிலும் சில இருமல் மருந்துகளிலும் மதுசாரம் உண்டென்பதைப் பலர் எண்ணுவதில்லை.

உயிருக்கு ஆபத்தாகலாம் என்று முன்னர் குறித்தது வேறு. சிறுவயதில் வாதக்காய்ச்சல் கண்டு இருதய வால்வு பழுதாகி, செயற்கை வால்வு பொருத்தப்பட்ட பெண்கள் நம்மிடையே இருக்கின்றார்கள். இரத்தம் உறையாதிருக்க அவர்கள் நாள்தோறும் வார்பரின் குளிசை எடுப்பர். மெற்றோனிடசோல் உடலில் இருக்கும்போது வார்பரின் வழக்கம்போற் கழிந்து போவதில்லை. அதன் வலிமை கூடுகின்றது. ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை எண் ஏறி, முரசிலும் குடலிலும், சில வேளை மூளையிலும் இரத்தம் கசியும். வார்பரின் எடுப்பவர் இம்மருந்தை ஒருபோதும் உட்கொள்ளக் கூடாது என்பதில்லை. கிளினிக் கொப்பியைக் காட்டினால் வைத்தியர் வார்பரினின் அளவை மாற்றி, இரத்தத்தை அடிக்கடி சோதிப்பார். அல்லது உள்ளே பூசும் மருந்தொன்றைத் தெரிவார். இருதய கிளினிக்கில் வெள்ளைபடுதலைச் சொல்வதில்லை, பெண்நோய் கிளினிக்கில் இருதயத்தைச் சொல்வதில்லை என்ற வழக்கமே இங்கு எதிரி. மனநோய்க்கு லித்தியம் எடுப்பவரும், வலிப்புக்கு பினைற்றோயின் எடுப்பவரும் அவ்வாறே சொல்லியாக வேண்டும். குடியை மறக்க டைசல்பிராம் எடுப்பவர்க்கு இம்மருந்து ஆகாது, மனக்குழப்பம் உண்டாகும். கருத்தடைக் குளிசையின் பலனை இம்மருந்து கெடுக்கும் என்பது வீண் பயம். ஆனால் வாந்தியோ வயிற்றோட்டமோ கடுமையாக இருந்தால் கருத்தடைக் குளிசை உடலிற் சேராது போகலாம்.

கருவுற்ற பெண்கள் இம்மருந்துக்கு முன்பு மிக அஞ்சினர். பல்லாண்டுப் பாவனையில் சிசுவுக்கு ஊனம் உண்டானதாக ஆய்வுகள் காட்டவில்லை. மறுபுறம், இந்நோய் உள்ள தாய்மாரிடம் குறைமாதப் பிரசவம் கூடுதலாகக் காணப்படுகின்றது. ஆகவே அறிகுறியுள்ள கர்ப்பிணிகளுக்கு வைத்தியர் தயங்காது சிகிச்சை அளிப்பார். அவள் தானாக வாங்கி விழுங்கல் மட்டுமே தவறு. பாலூட்டும் தாயின் பாலில் மருந்து சிறிதளவு கலக்கும். வழமையான அளவில் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. பெருமளவை ஒரே வேளையில் எடுக்கும் முறை அவர்களுக்கு உகந்ததன்று.

மெற்றோனிடசோல் ஒவ்வாதவர்க்குக் கிளிண்டமைசின் கொடுக்கப்படும். 300 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, 7 நாட்கள். இதை ஒரு குவளை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காதிருத்தல் வேண்டும். தொண்டைக்குழாயில் தங்கினாற் புண்ணாக்கும். மருந்து முடிந்து சில வாரங்கள் சென்ற பின்னரும் நீராகவோ இரத்தங் கலந்தோ வயிற்றோட்டம் வந்தால், கடையில் வாங்கிய மருந்தால் அதைக் கட்டிவிடாமல் வைத்தியரிடம் செல்க. எந்த மருந்தை எடுத்தாலும், முடிந்த சில நாட்களில் அரிப்புடன் தயிர் போலப் படுமாயின், பழைய நோய் திரும்பிற்று என்று அதே மருந்தை மீண்டும் தொடங்க வேண்டாம். அது பங்கசாக இருக்கலாம்.

பழைய நோயே திரும்புவதும் உண்டு. பெரும்பாலோர்க்கு முதற் சிகிச்சையிற் குணமானாலும், 12 மாதங்களுக்குள் பாதிக்கு மேற்பட்டோருக்கு மீண்டும் வருவதாக ஆய்வுகள் கூறுகின்றன. இதுவரை இதற்குப் பெண்ணே பழிசுமந்தாள். 2025 இல் வெளியான ஓர் அவுஸ்திரேலிய ஆய்வு இவ்விடயத்தில் புதிய வழி காட்டியுள்ளது. 164 தம்பதியரை எடுத்து, ஒரு பகுதியில் பெண்ணுக்கு மாத்திரமும் மறுபகுதியில் இருவருக்கும் சிகிச்சையளித்தனர். ஆண்கள் 7 நாட்கள் மெற்றோனிடசோல் குளிசையும் எடுத்து, கிளிண்டமைசின் களிம்பும் பூசினர். 12 வாரங்களுக்குள், பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தவர்களுள் 100 க்கு 63 பேருக்கு நோய் திரும்பிற்று; இருவருக்கும் கொடுத்தவர்களுள் 35 பேருக்கே திரும்பிற்று. வேறுபாடு இத்துணை தெளிவாயிருந்தமையால் ஆய்வையே இடையில் நிறுத்திவிட்டனர்.

ஆகவே மறுமுறை நோய் கண்டு கிளினிக்குக்குப் போகும் பெண், கணவரையும் உடன் அழைத்துச் செல்வது பொருத்தமாகும். அவருக்கு மருந்து வேண்டுமா என்பதை வைத்தியர் இருவரையும் வைத்துத் தீர்மானிப்பார். கணவருக்கும் வேறு மருந்துகளும் ஈரல் நோயும் மதுப்பழக்கமும் இருக்கக் கூடுமாதலால் அவருக்கென்று தனிச் சீட்டு எழுதப்பட வேண்டும். மனைவியின் 14 குளிசையில் ஏழை எடுத்து அவர் விழுங்கினால், அரைகுறை மருந்து இருவர் உடலிலும் சேரும்.